ஜவ்வரிசிக் கஞ்சியும் ஏழு ராத்திரி மாத்திரையும்

கர்ப்பமாக இருக்கும் பெண் "கீழே அரிக்குது" என்று வாய் திறந்தால் எங்கள் சேலத்தில் முதலில் அடுப்பில் ஏறுவது ஜவ்வரிசிக் கஞ்சி. உடம்பில் சூடு ஏறிவிட்டது, அதனால்தான் வெள்ளைப்படுகிறது, கஞ்சி குடித்தால் தணிந்துவிடும் என்பது கணக்கு. கஞ்சிக்குப் பிறகு இளநீர், நுங்கு, நன்னாரி சர்பத், வெந்தயம் ஊறவைத்த தண்ணீர். அதற்கும் கேட்கவில்லை என்றால் வேப்பிலை போட்டுக் காய்ச்சிய வெந்நீர். டாக்டர் இந்த வரிசையில் கடைசி. பல வீடுகளில் வரிசையிலேயே இல்லை.

எனக்கு ஐந்தாம் மாதத்தில் ஆரம்பித்தது. சித்திரை மாதம், சேலத்து வெயில் எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. அம்மாப்பேட்டையில் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை ரெக்சின் போட்ட நாற்காலி. எழுந்தால் புடவை பின்னால் ஒட்டிக்கொள்ளும். அரிப்பு முதலில் வியர்க்குரு மாதிரிதான் இருந்தது. அப்புறம் ராத்திரியில் தூங்கவிடாத அளவுக்கு வந்தது. ஒன்றுக்குப் போனால் வெளித்தோலில் சுரீரென்று எரியும். வெள்ளையாக, தயிர் திரண்ட மாதிரி கட்டிகட்டியாகப் பட்டது. வாடை எதுவும் இல்லை.

அத்தை பாசமாகத்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தார். நாட்டுச் சர்க்கரை போட்டு, ஏலக்காய் தட்டிப்போட்டு. ருசி பிரமாதம், அரிப்பு அப்படியே. மாதாமாதம் எடை பார்க்க நகர்ப்புற சுகாதார நிலையத்துக்குப் போகும்போது, நான் நாற்காலியில் நெளிவதைப் பார்த்துவிட்டு அங்கிருந்த நர்ஸம்மாதான் கேட்டார். "அரிப்பாம்மா? வெக்கப்படாதே கண்ணு, வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு இருக்கு. சொல்றதுதான் யாருமில்ல" என்று சொல்லி டாக்டரிடம் கையோடு கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டர் கேட்ட கேள்விகளை அப்படியே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் டாக்டரிடம் போகும்முன் பதிலை மனதில் வைத்துக்கொண்டால் வேலை சுலபம். என்ன நிறம்? கெட்டியா, தண்ணீர் மாதிரியா? வாடை இருக்கிறதா? அரிப்பு உண்டா, எரிச்சல் மட்டுமா? அடிவயிற்றில் வலி, காய்ச்சல், ரத்தம் ஏதாவது? சமீபத்தில் ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டாயா? சர்க்கரை சோதனை எப்போது செய்தாய்?

இத்தனை கேள்விக்குக் காரணம் இருக்கிறது. கர்ப்பத்தில் வெள்ளைப்படுவது எல்லாமே நோய் இல்லை. மெல்லிசாக, பால் நிறத்தில், வாடையும் அரிப்பும் இல்லாமல் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் படுவது இயல்பு. கெட்டியான வெள்ளையும் கடுமையான அரிப்பும் சேர்ந்தால் ஈஸ்ட் என்கிற பூஞ்சைத் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். சாம்பல் நிறத்தில் நீர்த்துப்போய் மீன் கவிச்சி அடித்தால் அது பாக்டீரியாவால் வருவது, அதற்கு மருந்து வேறு. மஞ்சளோ பச்சையோ கலந்து நுரைத்து வந்தால் இன்னொன்று, அதற்குக் கணவருக்கும் சேர்த்து மருந்து வேண்டும். வெறும் தண்ணீராகக் கசிந்துகொண்டே இருந்தால் பனிக்குடம் கசிகிறதோ என்று உடனே பார்க்கவேண்டும். இந்த நான்கையும் வீட்டில் ஒரே பெயரில் 'சூடு' என்று சொல்லி ஒரே கஞ்சியைக் கொடுக்கிறோம். என் வருத்தம் அதில்தான். கஞ்சிமேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

எனக்குப் பஞ்சுக் குச்சியில் எடுத்துச் சோதித்து ஈஸ்ட்தான் என்று உறுதி செய்தார்கள். கேண்டிடா அல்பிகன்ஸ் என்பதுதான் பெரும்பாலும் இந்த வேலையைச் செய்கிற பூஞ்சை. அது எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்வதில்லை. நல்ல ஆரோக்கியமான பெண்கள் பலருக்கும் உடம்பில் கொஞ்சம் இருந்துகொண்டேதான் இருக்கும். நான்கு பெண்களில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தத் தொல்லை வருகிறது. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறுவதால் அந்த இடத்துச் செல்களில் கிளைக்கோஜன் என்கிற சர்க்கரைச் சத்து கூடுகிறது. பூஞ்சைக்கு அது விருந்து. அதனால்தான் நான்காம் மாதத்துக்குப் பிறகு அதிகம் பார்க்கிறோம் என்றார் டாக்டர். சுத்தமில்லாததால் வந்தது என்று யாராவது முகம் சுளித்தால் நம்பாதீர்கள். சொல்லப்போனால் அளவுக்கு மீறிக் கழுவுகிறவர்களுக்குத்தான் பல நேரம் எரிச்சல் கூடுகிறது.

மருந்து எழுதிக் கொடுத்தார்: க்ளோட்ரிமசோல், உள்ளே வைக்கிற மாத்திரை, 100 மி.கி., ராத்திரிக்கு ஒன்று வீதம் ஏழு ராத்திரி. கர்ப்பிணிகளுக்கு ஒரே நாளில் முடிகிற மருந்தைவிட ஏழு நாள் வைப்பதுதான் நன்றாகக் கேட்கிறது. உள்ளே வைப்பதா என்று என் முகம் போன போக்கைப் பார்த்து நர்ஸம்மா தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். நகத்தை வெட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். படுக்கப் போகும்போதுதான் வைக்கவேண்டும், எழுந்து நடமாடினால் வெளியே வந்துவிடும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி விரலாலேயே மெதுவாகத் தள்ளினால் போதும். பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் குழாயைக் கர்ப்பத்தில் ஆழமாகச் செலுத்த வேண்டாம். காலையில் வெள்ளைப் பொடியாகக் கொஞ்சம் வெளியே வரும், அது கரைந்த மாத்திரையின் மிச்சம், பயப்படவேண்டாம். வெளியில் தடவ அதே மருந்தின் கிரீமும் கொடுத்தார்கள்.

இரண்டு மூன்று நாளிலேயே அரிப்பு அடங்கத் தொடங்கிவிடும். அதோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் ஜாஸ்தி என்று நர்ஸம்மா புலம்பினார். மிச்ச மாத்திரையைப் பீரோவில் வைத்துவிட்டு, திரும்ப வரும்போது தாங்களே எடுத்து வைத்துக்கொள்கிறார்களாம். ஏழையும் முடிக்கவேண்டும். முடித்தும் குறையவில்லை என்றால் திரும்பப் போய்க் காட்டவேண்டும்.

மெடிக்கல் ஷாப் பற்றி இங்கே சொல்லியாகவேண்டும். என் ஓரகத்தி அவள் கர்ப்பத்தில் இதே பிரச்சினைக்குக் கடையில் கேட்டபோது "ஒரே மாத்திரைதாங்க, வாயில போட்டா போதும்" என்று ஃப்ளூகோனசோல் 150-ஐ எடுத்து நீட்டியிருக்கிறார்கள். கர்ப்பமில்லாதவர்களுக்கு டாக்டர்கள் சாதாரணமாக எழுதுகிற மாத்திரைதான் அது. கர்ப்பிணிக்கு வேண்டாம் என்கிறார்கள். டென்மார்க்கில் நடத்தி 2016-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், கர்ப்ப காலத்தில் இதை வாய்வழி சாப்பிட்டவர்களுக்குக் கருச்சிதைவு கூடுதலாக இருந்தது தெரிந்தது. அதிக அளவில் முதல் மூன்று மாதத்தில் தொடர்ந்து எடுத்தால் குழந்தையின் உறுப்பு வளர்ச்சிக்கே பாதிப்பு வரலாம் என்று 2011-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது. தெரியாமல் ஒன்று சாப்பிட்டுவிட்டேனே என்று யாரும் அழுதுகொண்டு உட்காரவேண்டாம், டாக்டரிடம் சொன்னால் அவர் பார்த்துக்கொள்வார். இன்னொன்று, படைக்கும் அரிப்புக்கும் என்று எல்லார் வீட்டிலும் ஒரு டியூப் இருக்கும். பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு மூன்றும் கலந்தது. தடவியவுடன் சொர்க்கம் மாதிரி இருக்கும், காரணம் ஸ்டீராய்டு அரிப்பை அமுக்கிவிடுகிறது. பூஞ்சை உள்ளே தெம்பாக வளரும், தோல் மெலியும். பக்கத்து வீட்டு அக்கா அன்போடு அதைத்தான் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கி வைத்துக்கொண்டேன், தடவவில்லை.

சரி, இயற்கை வைத்தியத்துக்கு வருகிறேன். மருந்து வேண்டாம், இயற்கையாகவே சரிசெய்யலாமா என்று நானும் டாக்டரைத் துளைத்தெடுத்தேன். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மாத்திரை என்றாலே பயம்தானே. அவர் திட்டவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்கச் சொன்னார், ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். அவர் பிரித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது: வாயால் சாப்பிடுவது ஒன்று, வெளித்தோலில் படுவது ஒன்று, உள்ளே போவது ஒன்று. முதல் இரண்டில் பேரம் பேசலாம். மூன்றாவதில், அவர் எழுதிக்கொடுத்ததைத் தவிர வேறு எதுவும் போகக்கூடாது.

தயிர். சாப்பிடலாம், தினமும் சாப்பிடலாம், கால்சியமும் புரதமும் கிடைக்கும், வயிற்றுக்கு நல்லது. அது பூஞ்சைத் தொற்றைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான நிரூபணம் இல்லை. நம் வீட்டு உறைமோரில் இருக்கிற நல்ல கிருமிகளும், அந்த இடத்தை அமிலமாக வைத்துக் காக்கிற லாக்டோபேசில்லஸ் கிருமிகளும் ஒரே குடும்பமாக இருந்தாலும் ஒரே ஆள் இல்லை. தயிரை விரலில் எடுத்து உள்ளே தடவுவது, துணியில் நனைத்து வைப்பது எல்லாம் வேண்டாம். உறைமோரில் வேறு என்னென்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும் என்று கேட்டார். நியாயம்தான். எங்கள் வீட்டு உறைமோர் மூன்று வீடு சுற்றி வந்தது. மத்தியானம் மோர் குடித்தேன், சர்க்கரை போடாமல், உப்பும் கறிவேப்பிலையும் போட்டு. அந்த வெயிலுக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.

பூண்டு. ரசத்தில் போட்டுச் சாப்பிடுங்கள். பல்லை உரித்து நூலில் கட்டி உள்ளே வைக்கச் சொல்லும் வீடியோக்கள் போனில் வருகின்றன. மெல்லிய தோல் வெந்துபோகும். தேயிலை மர எண்ணெய், ஆப்பிள் வினிகர், போரிக் பவுடர் இவையும் அந்த ரகம்தான். இதில் போரிக் அமிலம் கர்ப்பத்தில் கூடவே கூடாது, சாதாரணமாகப் பாதுகாப்பானதில்லை என்ற லேசான எச்சரிக்கை அல்ல, கண்டிப்பான தடை.

வேப்பிலை. அத்தைக்கு இதில்தான் வருத்தம். மாரியம்மனுக்கு உகந்த இலை, அது எப்படிக் கெடுதல் செய்யும் என்று கேட்டார். கொதிக்கவைத்த வேப்பிலைத் தண்ணீர் ஆறினபின் வெளியில் பட்டால் பெரிய கெடுதல் இல்லை, சிலருக்கு எரியும், அவ்வளவுதான். அதை உள்ளே பீய்ச்சிக் கழுவுவதும், கொழுந்தை அரைத்துக் குடிப்பதும்தான் கூடாது. வேம்பு கருவைப் பாதிப்பதாக விலங்குகளில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, அதனால் கர்ப்பிணி அதை மருந்தாகச் சாப்பிடக்கூடாது. படிகாரத் தண்ணீர் வேண்டாம், தோலை இழுத்து வறட்டும். மஞ்சள் பூசினால் அரிப்பு நிற்பதில்லை, நிறம்தான் மாறுகிறது. பார்க்கவேண்டிய டாக்டருக்கும் சிவப்பு எது மஞ்சள் எது என்று தெரியாமல் போகும். வெந்தயத்தைச் சமையலில் சேர்க்கிற அளவுக்கு மேல் கைப்பிடி கைப்பிடியாகச் சாப்பிடவேண்டாம் என்றார்.

தேங்காய் எண்ணெய் மட்டும் தப்பித்தது. ஆய்வுக்கூடத்தில் அது கேண்டிடாவை அடக்குவது தெரிந்திருக்கிறது. ஆனால் மனித உடம்பில் அதையே மருந்தாக நம்பும் அளவுக்கு ஆதாரம் இல்லை. தொடையிடுக்கில் உராய்ந்து சிவந்த இடத்தில், வாசனை சேர்க்காத எண்ணெயை மெல்லிசாகத் தடவிக்கொள்ளலாம். எனக்கு நடக்கும்போது இருந்த எரிச்சல் அதில் குறைந்தது. அரிப்பு உச்சத்தில் இருக்கும் ராத்திரிகளில் மண்பானைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மல்துணியைக் கொஞ்ச நேரம் வெளியில் வைத்துக்கொண்டு, பிறகு நன்றாக ஒற்றி எடுத்துவிட்டுப் படுத்தேன். ஐஸ்கட்டியை நேராக வைக்கக்கூடாது. முதல் மூன்று ராத்திரி மருந்து வேலை செய்யும்வரை தூங்கவைத்தது இந்தத் துணிதான். என்னைக் கேட்டால் இயற்கை வைத்தியம் என்று சொல்லத்தக்கது இதுதான். பூஞ்சையைக் கொல்லாது, ஆளை நிம்மதியாக வைக்கும்.

அடுத்தது ஈரம். இதைப் பற்றி நான் நிறையப் பேசுவேன், வீட்டில் எல்லாரும் அலுத்துப்போகும் அளவுக்கு.

நாம் கழிப்பறையில் தண்ணீர்தான் உபயோகிக்கிறோம், நல்ல பழக்கம். ஆனால் கழுவிவிட்டு அப்படியே ஈரத்தோடு உள்ளாடையை ஏற்றிக்கொள்கிறோம். கர்ப்பிணி ஒரு நாளைக்கு எத்தனை முறை ஒன்றுக்குப் போகிறாள்! அத்தனை முறையும் ஈரம். உள்ளாடை காயவே காயாது. அதன்மேல் பாவாடை, அதன்மேல் புடவை, கீழே ரெக்சின். பூஞ்சைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பழைய வேட்டியைச் சின்னச் சின்னதாகக் கிழித்து, துவைத்து, வெயிலில் உலர்த்தி அடுக்கிவைத்தேன். கடைக்குப் போகும்போது ஒரு பையில் சுத்தமானது, இன்னொரு பையில் உபயோகித்தது. முன்னாலிருந்து பின்னால் கழுவி, அதே திசையில் ஒற்றி எடுப்பது. தேய்ப்பது கிடையாது. சாயங்காலம் எல்லாவற்றையும் துவைத்துப் போட்டால் மறுநாளைக்குத் தயார்.

உள்ளாடை பருத்தி, ஒரு அளவு பெரியது. இப்போது புடவைக்கு உள்ளே உடம்பைப் பிடித்தாற்போல் ஒரு ஸ்கர்ட் போடுகிறார்களே, கர்ப்பத்தில் அதைத் தூக்கி எறிந்துவிடலாம். லெக்கிங்ஸும் அப்படித்தான். ராத்திரியில் காட்டன் நைட்டி மட்டும், உள்ளே எதுவும் இல்லாமல். நாற்காலியில் நான்காக மடித்த கைத்தறித் துண்டைப் போட்டேன். மத்தியானம் ஒருமுறை உள்ளாடை மாற்றினேன். கடை முதலாளியம்மாவிடம் சொல்லித்தான் செய்தேன். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பின்கட்டு அறைக்குத் தாழ்ப்பாள் வைத்துக் கொடுத்தார்.

அப்புறம் காயப்போடுகிற விஷயம். நம் வீடுகளில் பெண்களின் உள்ளாடை எங்கே காய்கிறது? குளியலறைக் கதவுக்குப் பின்னால், இல்லாவிட்டால் கொடியில் துண்டுக்கு அடியில். மாமனார் பார்ப்பார், வெள்ளிப் பட்டறைக்கு வருகிற ஆட்கள் பார்ப்பார்கள். சேலத்தில் நெற்றியைப் பிளக்கிற வெயில் மொட்டை மாடியில் வீணாய்க் கிடக்கும், உள்ளாடை மட்டும் இருட்டில் ஈரமாகத் தொங்கும். நான் மாடியில் போட்டேன். முதல் நாள் அத்தை முகம் மாறியது. அடுத்த வாரம் அவருடையதும் மாடிக்கு வந்தது. யாரும் செத்துவிடவில்லை.

வாசனைச் சோப்பு, கிருமிநாசினி கலந்த தண்ணீர், 'அந்தரங்க சுத்தத்துக்கு' என்று விற்கிற திரவம், எல்லாவற்றையும் நிறுத்தினேன். வெளியில் வெதுவெதுப்பான வெறும் தண்ணீர் போதும். உள்ளே கழுவவே வேண்டாம், அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். கைக்குழாயை உள்பக்கம் திருப்பிப் பீய்ச்சுகிறவர்கள் இருக்கிறார்கள், கர்ப்பத்தில் அதைச் செய்யக்கூடாது.

இத்தனை செய்தும் ஆறாம் மாதக் கடைசியில் திரும்ப வந்தது. மாம்பழக் காலம். பழ மார்க்கெட்டில் மல்கோவாவும் இமாம் பசந்தும் குவிந்து கிடந்தன. எனக்கு மசக்கை முழுக்க மாம்பழத்தின்மேல். அதோடு கஞ்சியும் சர்பத்தும் தொடர்ந்துகொண்டிருந்தன. டாக்டர் மருந்தை எழுதிவிட்டு, சர்க்கரைச் சோதனையையும் உடனே முடித்துவிடலாம் என்றார். பதிவு செய்தபோது பார்த்ததில் சரியாகத்தான் இருந்தது. 24-லிருந்து 28 வாரத்துக்குள் இன்னொருமுறை பார்ப்பார்கள். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. வெறும் வயிற்றில்தான் வரவேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லாத இந்த எளிய முறையை நம் நாட்டில் பரப்பியதில் சென்னை மருத்துவர் வி. சேஷையாவுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் பிறந்த நாளான மார்ச் 10-ஐத்தான் தேசிய கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள்.

எனக்கு 140-ஐத் தாண்டியிருந்தது. ரத்தத்தில் சர்க்கரை கட்டுக்குள் இல்லை என்றால் பூஞ்சை திரும்பத் திரும்ப வரும். ஜவ்வரிசி மரவள்ளிக்கிழங்கு மாவு, கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. நம் ஊர்ப் பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் சர்க்கரை ஏறும் உடம்புக்கு அதை நாட்டுச் சர்க்கரையோடு தினமும் கொடுத்தால், எதைத் தணிக்கப்போகிறோமோ அதற்குத் தீனி போடுகிறோம். நன்னாரி சர்பத்தும் அப்படியே, நன்னாரியில் குற்றமில்லை, பாகில்தான் இருக்கிறது. நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் தேனும் ரத்தத்தில் போய்ச் சேர்ந்தபின் சர்க்கரைதான். இதை அத்தைக்குப் புரியவைத்தது நான் இல்லை, சோதனைச் சீட்டுதான். அதைப் பார்த்த நாளிலிருந்து கஞ்சி நின்றது. கம்பங்கூழில் மோர் ஊற்றி வெங்காயத்தோடு கொடுத்தார், அதுவும் அளவாக. ராகிக் களி உருண்டை பாதியானது, கீரை இரண்டு மடங்கானது. சாயங்காலத் தட்டுவடை செட் வாரத்துக்கு ஒருநாள். மாம்பழம் சாப்பாட்டோடு இல்லாமல் தனியாக, இரண்டு கீற்று. சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குள் இருக்கவேண்டும் என்பது இலக்கு. எனக்குச் சாப்பாட்டிலும் நடையிலுமே அடங்கியது. இரண்டு வாரம் பார்த்தும் அடங்காதவர்களுக்கு மருந்தோ இன்சுலினோ கொடுப்பார்கள்.

இதைப் படித்துவிட்டு, சர்க்கரை சரியாக இருக்கிறவர்களும் பூஞ்சைக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்துப் பட்டினி கிடக்கவேண்டாம். அவர்களுக்குச் சர்க்கரையைக் குறைப்பதால் இந்தத் தொற்று போய்விடும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. சோதனை செய்துகொள்ளுங்கள் என்பதுதான் நான் சொல்வது.

வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு ஏற்காடு போனேன். அப்பா காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்தவர், வீடு அங்கேயே. கொண்டை ஊசி வளைவு இருபதும் ஏறி முடித்தால் வெயில் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் மலையில் வேறு தொல்லை: துணி காயாது. ஆடி ஆவணியில் பகல் முழுக்கப் பனிமூட்டமாகவே கிடந்தால் கொடியில் போட்ட துணி மூன்றாம் நாளும் சில்லென்று இருக்கும். அது ஈரமா குளிரா என்றே தெரியாது. தொட்டுப் பார்த்து ஏமாந்து போட்டுக்கொள்வோம். மலையில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது இஸ்திரிப் பெட்டியைத்தான். உள்ளாடையை உடுத்தும் முன் சூடாக ஒரு இழுப்பு இழுத்தால் மிச்ச ஈரம் ஆவியாகப் போவது கண்ணுக்கே தெரியும். கரண்ட் இல்லாத நாளில் அடுப்பங்கரையில் கட்டின கொடி. இரண்டு மூன்று ஜதை கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்வதும் உதவும்.

அங்கே எனக்கு அரிப்பு மறுபடியும் தலைகாட்டியது. துணி காயவில்லையே என்று அம்மா வாங்கிக்கொடுத்த வாசனை போட்ட மெல்லிய சானிட்டரி பேடை நாள் முழுக்க வைத்திருந்தேன். பூஞ்சைதான் திரும்பிவிட்டது, பழைய மருந்தையே வாங்கிவரலாம் என்று அம்மா சொன்னார். வெள்ளைப்படவில்லையே, அரிப்பு மட்டும்தானே என்று எனக்குச் சந்தேகம். காட்டியதில் பூஞ்சை இல்லை. அந்தப் பேடின் வாசனையும் பிளாஸ்டிக்கும் தோலை உறுத்தியிருக்கின்றன. பேடை நிறுத்தினதும் அரிப்பு நின்றது, மருந்தே தேவைப்படவில்லை. ஒருமுறை ஈஸ்ட் வந்தவர்களுக்கு அடுத்து வருகிற அரிப்பெல்லாம் ஈஸ்டாகவே தோன்றும். அதனால் ஒவ்வொரு முறையும் காட்டிவிடுவது நல்லது. ஏழாம் மாதத்துக்குப் பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும், தடிப்பு எதுவும் இல்லாமல், ராத்திரியில் அரித்தால் அது இந்தக் கதையே இல்லை. கல்லீரலில் பித்தநீர் தேங்குவதால் வருகிற அரிப்பாக இருக்கலாம், குழந்தைக்கு ஆபத்தானது, அதற்கு ரத்தப் பரிசோதனை உடனே வேண்டும்.

வீட்டுக்காரர்களைப் பற்றி எல்லாரும் மெல்லக் கேட்பார்கள். அவருக்கு அரிப்போ சிவப்போ இருந்தால்தான் மருந்து, இல்லையென்றால் தேவையில்லை. மருந்து வைக்கிற நாட்களில் விலகி இருப்பது நல்லது. எண்ணெய்ப் பசையுள்ள கிரீம் ஆணுறையைப் பலவீனமாக்கும், தேங்காய் எண்ணெயும் அப்படித்தான்.

தண்ணீராகக் கசிவு, ரத்தம், காய்ச்சல், அடிவயிற்று வலி, கொப்புளம் அல்லது புண், துர்வாடை, குழந்தையின் அசைவு குறைவது, இவற்றில் எது இருந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது, அன்றே போகவேண்டும். ஒன்றுக்குப் போகும்போது உள்ளுக்குள் எரிந்து, அடிக்கடி போகவேண்டும் போலிருந்தால் சிறுநீர்ச் சோதனை கேளுங்கள். கர்ப்பத்தில் சிறுநீர்த் தொற்றை விட்டுவைக்கக்கூடாது. அதற்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் பின்னாலேயே பூஞ்சை வரலாம், அதற்காக அந்த மருந்தைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். ராத்திரி நேரத்தில் யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம். பெண்ணிடம் பேசவேண்டும் என்று சொல்லக் கூச்சப்படவேண்டாம். அவசரம் என்றால் 108.

பிரசவத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகப் பயம் இருந்தது. பூஞ்சை இருந்தால் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்கவேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அப்படி எதுவும் இல்லை. பிறக்கும் வழியில் குழந்தையின் வாயில் ஒட்டிக்கொண்டு நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் வெள்ளையாகப் படியலாம், அவ்வளவுதான். பால் குடித்த வெள்ளை துடைத்தால் போய்விடும், இது போகாது. தேனைத் தடவுவதோ துணியால் தேய்த்து உரிப்பதோ வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. சொட்டு மருந்து கொடுப்பார்கள். அம்மாவுக்கு முலைக்காம்பில் எரிச்சலும் குத்தலும் இருந்தால் இருவருக்கும் சேர்த்தே மருந்து போடவேண்டும், இல்லாவிட்டால் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாறிமாறி வந்துகொண்டிருக்கும். தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை.